தொட்டுப் பார்க்காமல் வாங்குகிறவருக்கு

வில்லியனூரில் ஒரு குயவர் வீட்டுக்குப் போய், "உங்ககிட்ட எத்தனை வகைப் பொருள் இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வராது. திண்ணையில் காய்கிறது, உள்ளே அடுக்கியிருக்கிறது, நாளைக்குச் சூளையில் ஏறப் போகிறது என்று கையைக் காட்டுவார்கள். அவர்கள் கணக்கில் சரக்கு உண்டு, வகை கிடையாது. இணையத்தில் விற்க வழி தரும் எந்தத் தளமும் முதல் வேலையாகக் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். எத்தனை வகை, ஒவ்வொன்றிலும் எத்தனை அளவு, எத்தனை நிறம், கையிருப்பு எவ்வளவு?

புதுச்சேரியைச் சுற்றிக் கைவினைப் பொருள் செய்யும் சில குடும்பங்களுக்குக் கேட்டலாக் அமைத்துக் கொடுக்கும் வேலையைக் கொஞ்ச காலமாகச் செய்து வருகிறேன். வில்லியனூர் சுடுமண், திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மை இரண்டும் அந்தந்த ஊரின் பெயரில் புவிசார் குறியீடு பெற்றவை. வில்லியனூர்க் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. இவ்வளவு பெருமை இருந்தும், அந்தத் தெருக்களில் பல வீடுகளின் பொருளை இணையத்தில் தேடினால் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் "அழகிய கைவினைக் குதிரை, சிறந்த தரம்" என்ற ஒற்றை வரியோடு நிற்கிறது. எவ்வளவு உயரம் என்றுகூட அதில் இருக்காது. இது என்னை உறுத்துகிறது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

நான் உதவிய ஒரு வீட்டில் கணினி வேலையைப் பார்ப்பது அந்த வீட்டு மருமகள். முதல் நாளே என்னிடம் அந்தப் பெண் கேட்டது இது: "ஏன்க்கா, ஒன்னு மாதிரி இன்னொன்னு இருக்காதே. எந்தக் குதிரைய போட்டோ எடுத்துப் போடறது? ஒன்னப் பாத்து வாங்கிட்டு, வேற வந்துச்சுன்னு சண்டைக்கு வர மாட்டாங்களா?"

கேட்டலாக் வேலையின் சிக்கல் முழுக்க இந்தக் கேள்வியில் இருக்கிறது. தளங்களின் படிவங்கள் தொழிற்சாலையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ஒரே அச்சில் வந்த ஆயிரம் பிளாஸ்டிக் டப்பாவுக்கு ஒரு படம், ஒரு அளவு, ஒரு குறியீடு போதும். மண் அப்படியில்லை. காயும்போது சுருங்கும், வேகும்போது இன்னும் கொஞ்சம் சுருங்கும். சூளையில் நடுவில் இருந்தது ஒரு சிவப்பு, ஓரத்தில் இருந்தது வேறு சிவப்பு. புகை பட்ட இடம் கறுத்துப் போகும்.

கணினியைத் திறக்கும் முன் நாங்கள் தரையில் உட்கார்ந்து பொருள்களை மூன்று கூறாகப் பிரித்தோம். அச்சில் தட்டி எடுக்கும் அகல், சிறிய பிள்ளையார், சுவரில் மாட்டும் முகம் ஆகியவை ஏறக்குறைய ஒன்றுபோலவே வரும். இவற்றுக்கு ஒரு லிஸ்டிங், அதாவது தளத்தில் ஒரே பக்கம், கையிருப்பு எண் எவ்வளவோ அவ்வளவு. அடுத்தது, வடிவம் ஒன்றாக இருந்தாலும் கையால் வனைவதால் சற்று மாறிவருபவை: ஓரடி குதிரை, யானை, பூச்சாடி. இவற்றுக்கும் ஒரே லிஸ்டிங்தான், ஆனால் அளவை ஒற்றை எண்ணாக எழுதாமல் வரம்பாக எழுத வேண்டும். மூன்றாவது, ஒன்றே ஒன்று செய்தவை. அவை ஒவ்வொன்றுக்கும் தனி லிஸ்டிங், தனிப் படம், கையிருப்பு ஒன்று. விற்றதும் மூடிவிட வேண்டும். இப்படிப் பிரித்த பிறகு அந்தப் பெண்ணின் கேள்வி தானாகவே தீர்ந்தது. இரண்டாவது கூறில் வரும் ஒவ்வொரு லிஸ்டிங்கிலும் விளக்கத்தின் முதல் வரியாக இதை வைத்தோம்: "உங்களுக்கு வருவது படத்தில் உள்ள அதே குதிரை அல்ல, அதே கையால் செய்த இன்னொன்று. உயரம் 11 முதல் 12 அங்குலம். நிறம் சிவப்பிலிருந்து பழுப்பு வரை மாறும். வால் பக்கம் புகைக்கறை இருக்கலாம்." சிலர் இதைக் கடைசியில் சின்னதாக எழுதச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வாங்குகிறவர் மனத்தில் எழக்கூடிய சந்தேகம் எதுவோ அதற்கான பதில் முதலில் வர வேண்டும்.

அளவு எழுதுவது சின்ன வேலையாகத் தோன்றும். உயரம் என்றால் தலை வரையா, காது நுனி வரையா? காது நுனி வரை என்று முடிவெடுத்தோம். பெட்டிக்குள் அடங்க வேண்டியது காதும்தான், முதலில் உடைவதும் அதுதான். அங்குலம், சென்டிமீட்டர் இரண்டிலும் எழுதினோம். அடிப்பகுதி எத்தனை அங்குலம் என்பதையும் சேர்த்தோம், ஏனென்றால் வாங்குகிறவர் அதை எந்த அலமாரித் தட்டில் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பார். எடையைப் பொருளுக்கு ஒன்று, பெட்டி கட்டிய பிறகு ஒன்று என்று இரண்டு தடவை போட்டோம்.

முகம் தெரியாதவருக்கு அளவு எழுதி அனுப்பும் வியாபாரம் இந்த ஊருக்குப் புதிதல்ல. பிரெஞ்சுக்காரர்கள் "கினே" என்று சொன்ன நீலத்துணி இங்கிருந்துதான் கப்பலேறியது. அவுரியில் தோய்த்த முரட்டுப் பருத்தி. மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் ஆற்றங்கரையில் கருவேலம் பிசின் வாங்க அதுதான் பணம்போலப் புழங்கியது. ஐரோப்பிய ஆலைகள் போலி நெய்து அனுப்பிப் பார்த்தன. அங்கே வாங்கியவர்கள் மோந்து பார்த்தும் தடவிப் பார்த்தும் புதுச்சேரித் துணியை அடையாளம் கண்டதாகச் சொல்கிறார்கள். 1843-ல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. செனகலுக்குப் போகும் ஒவ்வொரு கினேத் துண்டும் இன்ன நீளம், இன்ன அகலம், இன்ன எடை இருக்க வேண்டும், முத்திரையும் குத்தியிருக்க வேண்டும். நெய்தவரையும் வாங்கியவரையும் பிரித்த கடல்தூரத்தில் பேச்சு நடத்தியது அந்த மூன்று எண்களும் ஒரு முத்திரையும்தான். இன்றைய எக்செல் ஷீட்டில் நீளம், அகலம், எடை, பிராண்ட் என்று நான்கு கட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆணை நினைவுக்கு வருகிறது. இதை அந்த வீட்டுப் பெரியவரிடம் சொன்னேன். "அப்ப அளவு சொல்லித்தான் ஆவணும்" என்று சொல்லிவிட்டு, தானே அளவுகோலை எடுத்துக்கொண்டு வந்தார்.

பிராண்ட் என்ற கட்டம்தான் அடுத்த முட்டுக்கட்டை. பெரிய தளங்களில் புதிய பொருளை ஏற்ற பார்கோடு எண் கேட்பார்கள். 890-ல் தொடங்கும் அந்த எண்ணை ஜி.எஸ்.1 இந்தியா என்ற அமைப்பிடம் கட்டணம் செலுத்திப் பெறலாம். குயவர் வீட்டுக்கு அது தேவையில்லாத செலவு. கைவினைப் பொருளுக்கு விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அதற்கு உங்கள் பிராண்ட் பெயர் பொருளிலோ அதன் பெட்டியிலோ அழியாதபடி பதிந்திருப்பதைப் படமெடுத்துக் காட்டச் சொல்கிறார்கள். ஸ்டிக்கர் ஒட்டினால் சில சமயம் ஏற்க மாட்டார்கள்.

மண்ணில் வேலை செய்கிறவர்களுக்கு இதைவிட எளிதான நிபந்தனை கிடையாது. ஈரமாக இருக்கும்போது அடியில் ஒரு முத்திரை அழுத்தினால் சூளையில் வெந்து என்றைக்கும் நிற்கும். வில்லியனூரிலிருந்து சில மைல் தூரத்தில்தான் அரிக்கமேடு இருக்கிறது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது இத்தாலியின் அரெட்சோ பக்கத்தில் செய்த சிவப்பு மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. சிலவற்றின் அடியில் அந்த ஊர்க் குயவர்களின் பெயர் முத்திரை இருந்தது. அந்த இடத்தின் காலத்தைக் கணிக்க வீலருக்கு அவை பெரிதும் உதவின. இரண்டாயிரம் வருடத்துக்கு முன் கடல் தாண்டி வந்த கிண்ணத்தில் செய்தவன் பெயர் இருக்கும்போது, இங்கிருந்து பெங்களூருக்குப் போகும் குதிரை ஏன் பெயரில்லாமல் போக வேண்டும்? அந்த வீட்டில் இப்போது தேக்குக் கட்டையில் செதுக்கிய ஒரு சின்ன முத்திரை வைத்திருக்கிறார்கள். அதன் படத்தைக் காட்டித்தான் பார்கோடு விலக்குக் கிடைத்தது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. "வில்லியனூர் சுடுமண்" என்ற குறியீட்டுப் பெயரையும் அதற்கான சின்னத்தையும் தலைப்பில் போட்டுக்கொள்ளப் பலருக்கு ஆசை. 1999-ன் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி அந்த உரிமை, அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு உரியது. ஊரில் பிறந்து ஊரிலேயே வனைந்தாலும் பதிவு வேண்டும். பதிவு செய்த கைவினைஞரிடமிருந்து வாங்கி விற்கிறவர்கள் யாரிடம் வாங்கினோம் என்பதற்கு ஆதாரம் வைத்திருப்பது நல்லது. சொந்தமாகச் செய்கிறவர்கள் சிரமம் பார்க்காமல் பதிவைச் செய்துவிடுங்கள். வேறு ஊர் அச்சுப் பொம்மையும் இதே பெயரில் இணையத்தில் விற்கிறது. அதைக் கேள்வி கேட்கும் அதிகாரம் பதிவு செய்தவருக்கு அதிகம்.

படம் எடுப்பது பற்றிப் பேச எனக்கு ஆசை அதிகம், கொஞ்சம் நீளும். அமேசான் போன்ற தளங்களில் முதல் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணி கட்டாயம். பொருள் படச்சட்டத்தில் 85 சதவீதமாவது நிறைந்திருக்க வேண்டும். நீண்ட பக்கம் 1000 பிக்சலுக்குக் குறைந்தால் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி வேலை செய்யாது. நம் ஊர்க்காரர்கள் பொருளைத் தூக்கிக்கொண்டு நேரே பிரெஞ்சுத் தெருக்களுக்குப் போய் மஞ்சள் சுவர் முன்னால் வைத்து எடுப்பார்கள். இன்ஸ்டாகிராமுக்கு அது அருமை. கேட்டலாக்குக்கு உதவாது. மஞ்சள் சுவரில் பட்டு வரும் வெளிச்சம் சிவப்பு மண்ணை ஆரஞ்சாக்கிவிடும், பார்சலைப் பிரிக்கிறவர் நிறம் மாறிவிட்டது என்பார். நீலத் தார்ப்பாய்க்கு அடியில் எடுத்தால் இன்னும் மோசம், மண் செத்த நிறமாகத் தெரியும்.

வெயில் நேராக விழாத ஜன்னலோரம், சலவை செய்த வெள்ளை வேட்டி ஒன்று, நாற்காலி முதுகிலிருந்து மடிப்பில்லாமல் தரைக்கு இறங்கும்படி. இது போதும். வெள்ளை நிறையத் தெரிந்தால் கைபேசிக் கேமரா ஒளியைத் தானே குறைத்துக்கொள்ளும், மண் கருத்துப்போகும். திரையில் பொருளின் மேல் விரல் வைத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். முதல் படத்தில் வேறு எதுவும் இருக்கக் கூடாது, அதனால் கையில் பிடித்திருக்கும் படத்தை இரண்டாவதாக வையுங்கள். எத்தனை அங்குலம் என்று எழுதினாலும், ஒரு கை பக்கத்தில் இருந்தால்தான் அளவு மனத்தில் பதிகிறது. மூன்றாவது படம் அடிப்பக்கம். நான்காவது, புகைக்கறை உள்ள இடம். ஆம், அதையும் காட்டத்தான் வேண்டும். கறையை மறைத்து விற்ற பொருள் திரும்பி வரும்போது பாதி தடவை உடைந்தே வரும், அந்த நஷ்டம் குயவர் தலையில்தான் விழும்.

தலைப்பும் தேடல் சொற்களும் அடுத்தது. வெளியூரிலிருந்து தேடுகிறவர் என்ன தட்டுவார் என்று யோசிக்க வேண்டும். 2006-ல் புதுச்சேரி என்று பெயர் மாறினாலும் ஆங்கிலத்தில் இன்னும் பாண்டிச்சேரி என்று தட்டுகிறவர்களே அதிகம் என்பது என் அனுபவம். இரண்டையும் சேருங்கள். கொலுவை ஆங்கிலத்தில் ‘கே’ போட்டு எழுதுகிறவர்களும் உண்டு, ‘ஜி’ போட்டு எழுதுகிறவர்களும் உண்டு. வாங்குகிறவர் பார்க்காத பின்பக்கத் தேடல் கட்டத்தில் இந்த வேறுபாடுகளை எல்லாம் போட்டுவிட்டு, தலைப்பைச் சுத்தமாக வையுங்கள்: என்ன பொருள், எதனால் ஆனது, எத்தனை அங்குலம், எத்தனை எண்ணிக்கை. "சூப்பர்", "பெஸ்ட்" எல்லாம் வேண்டாம்.

விலை போடும் முன் செய்ய வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. கூரியர்காரர் தராசில் வரும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருவதையும் பார்ப்பார், எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். ஓரடி குதிரை மூன்று கிலோ என்று வையுங்கள். காதும் வாலும் உடையாமல் சுற்றிலும் திணித்துக் கட்டினால் பெட்டி 30, 30, 40 சென்டிமீட்டர் ஆகிவிடும். பெருக்கினால் 36,000. வகுத்தால் 7.2 கிலோ. மூன்று கிலோ மண்ணுக்கு ஏழு கிலோவுக்கு மேல் கூலி. இதைப் பார்த்ததும் அந்த வீட்டில் எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள், குதிரைதான் அவர்கள் வீட்டுப் பெருமை.

என் யோசனை இது. பெரிய தளங்களில் முதலில் ஏற்ற வேண்டியவை தட்டையானவை, சிறியவை, ஒன்றுக்குள் ஒன்று அடங்குபவை: அகல் தொகுப்பு, சுவர் முகம், சிறிய பிள்ளையார். குதிரைகளுக்கு வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக் போதும். அதில் 500 பொருள்வரை காசு செலவில்லாமல் ஏற்றலாம். பெயர், விலை, விளக்கம், பொருள் எண் எல்லாம் போடலாம். புதுச்சேரிக்கு வார இறுதியில் காரில் வருகிறவர்கள் ஏராளம். முன்கூட்டியே பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஊர் திரும்பும் வழியில் வில்லியனூரில் நின்று எடுத்துப் போவார்கள். பெட்டியும் வேண்டாம், கூரியரும் வேண்டாம்.

இனி ஜி.எஸ்.டி. ஆண்டு விற்றுமுதல் வரம்புக்குள் இருக்கும் சிறு விற்பனையாளர், பதிவு இல்லாமலே இணையத் தளம் வழியாகப் பொருள் விற்க 2023 அக்டோபர் 1 முதல் வழி திறந்தது. ஒரு நிபந்தனை, சொந்த மாநிலத்துக்குள் மட்டும்தான் விற்கலாம். மற்ற ஊர்க்காரர்களுக்கு இது சாதாரண நிபந்தனை. நம் நிலைமை வேறு. முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. அங்கே ஒரு அகல் விளக்கு அனுப்பினால் அது வெளிமாநில விற்பனை. கேரளக் கரையில் இருக்கும் மாஹேக்கோ, ஆந்திரத்தில் கோதாவரிப் பக்கம் இருக்கும் ஏனாமுக்கோ அனுப்பினால் அது உள்மாநிலம்! அதற்கு மேல் இன்னொன்று. சரக்கு விற்பனைக்குப் பதிவு தேவையில்லாத வரம்பு தமிழ்நாட்டில் 40 லட்சம் ரூபாய், புதுச்சேரியில் 20 லட்சம். பதிவில்லாமல் பெரிய தளத்தில் விற்கலாம் என்ற சலுகையால் வில்லியனூருக்கு உண்மையில் கிடைக்கும் பலன் மிகக் குறைவு. சென்னைக்கும் பெங்களூருக்கும் தளம் வழியாக விற்க வேண்டுமென்றால் பதிவு எடுத்துத்தான் ஆக வேண்டும். நாலாகச் சிதறிக் கிடக்கும் நம் பிரதேசத்தின் வரைபடத்தை மனத்தில் வைத்து அந்த விதியில் ஒரு திருத்தம் கேட்க வேண்டியது நம் கைவினைஞர் சங்கங்களின் வேலை என்று நினைக்கிறேன். அது வரும்வரை பதிவு எடுப்பதே நல்லது. 34-ல் தொடங்கும் எண் கிடைக்கும்.

பதிவெடுத்தால் ஒவ்வொரு பொருளுக்கும் எச்.எஸ்.என். என்ற வரி வகைப்பாட்டுக் குறியீடு எழுத வேண்டும். சுட்ட மண் பொருள்கள் அந்தப் பட்டியலில் 69-ஆம் அத்தியாயத்தில் வரும். அலங்காரச் சிலை 6913, வீட்டுப் பாத்திரம் 6912. மண்பானைக்கும் அகலுக்கும் களிமண் சாமி சிலைக்கும் வரி இல்லை, அலங்காரப் பொருளுக்கு உண்டு. எல்லாவற்றையும் ஒரே குறியீட்டில் ஏற்றினால் வரியில்லாத அகலுக்கும் வரி கட்டிக்கொண்டிருப்பீர்கள். தெரிந்த கணக்கர் ஒருவரிடம் பட்டியலை ஒருமுறை காட்டிவிடுங்கள். பெட்டியில் கட்டி விற்கும் பொருள் என்றால் செய்தவர் பெயர், முகவரி, எண்ணிக்கை, எம்.ஆர்.பி., புகார் சொல்ல எண் ஆகியவை இணையப் பக்கத்திலும் தெரிய வேண்டும் என்பது 2018 முதல் இருக்கும் விதி. செய்த நாடு எது என்பதையும் காட்ட வேண்டும். இதெல்லாம் ஒரு தடவை நிரப்பினால் போதும், அடுத்தடுத்த பொருளுக்கு நகல் எடுத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பொருளுக்கும் நீங்களே வைத்துக்கொள்ளும் எண் ஒன்று வேண்டும், எஸ்.கே.யூ. என்பார்கள். தளம் தானாகக் கொடுக்கும் எழுத்துக் குவியலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். குதிரை, 12 அங்குலம், இரண்டாம் வடிவம் என்றால் "குதி-12-2" என்பதுபோல ஆங்கில எழுத்தில் அமைத்து, அதே எண்ணை அலமாரியிலும் சாக்குக்கட்டியால் எழுதி வையுங்கள். ஆர்டர் வரும் நேரம் மருமகள் வெளியே போயிருந்தாலும் மாமனார் சரியான குதிரையை எடுத்துக் கட்டுவார்.

கடைசியாகக் கையிருப்பும் அனுப்பும் நாளும். அகலுக்கு ஆண்டின் பெரிய விற்பனை தீபாவளியும் கார்த்திகையும். அதே ஐப்பசி, கார்த்திகையில்தான் நமக்கு அடைமழை. பச்சை மண் காயாது, திறந்த சூளை மூட்ட முடியாது. வேண்டியபோது செய்து தருகிறோம் என்று கையிருப்பில் பெரிய எண்ணைப் போட்டுவிட்டு மழையில் மாட்டிக்கொண்டால், தாமதமான ஒவ்வொரு ஆர்டருக்கும் தளம் மதிப்பெண்ணைக் குறைக்கும். பண்டிகை நடுவே கடையையே நிறுத்தியும் வைக்கும். அதனால் அந்த வீட்டில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஆவணிக்குள் சுட்டு எடுத்து, தட்டிப் பார்த்துச் சத்தம் சரியாக இருப்பதை மட்டும் எண்ணி, அந்த எண்ணைத்தான் மருமகள் ஏற்றுகிறார். காய்ந்துகொண்டிருப்பது கணக்கில் சேராது. கையிருப்பு தீர்ந்துவிட்டால் தைமாதம் வரை லிஸ்டிங்கில் "இருப்பு இல்லை" என்றே இருக்கும். பெரியவருக்கு முதலில் இது பிடிக்கவில்லை, வருகிற ஆர்டரை ஏன் விடணும் என்றார். "வேவாதத எப்டி மாமா விக்கறது?" என்று கேட்டார் மருமகள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த வருடத்துக்கு ஆடியிலேயே இன்னொரு சூளை கூடுதலாக மூட்டலாமா என்று இப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.